ஆங்கில வகுப்பில் இலக்கியக் கலைச்சொற்களும் சொல்வளமும்: மீள்பார்வையை எப்படி நடத்துகிறீர்கள்?

வெண்பலகை:

அனைவருக்கும் வணக்கம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), பெர்சானிஃபிகேஷன் (அஃறிணையை மனிதராக்கிப் பேசுவது), ஐரனி (முரண்நகை), தீம் (மையக்கருத்து), டோன் (சொல்பவரின் தொனி) என்று ஆண்டு முழுவதும் ஆங்காங்கே நடத்தியவற்றையும், அவற்றோடு வந்த சொற்பட்டியல்களையும் தேர்வுக்கு முன் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. வழக்கமான முறை உங்களுக்குத் தெரியும். கலைச்சொல்லையும் வரையறையையும் பலகையில் எழுதுவோம். ஆளுக்கோர் எடுத்துக்காட்டுக் கேட்போம். மாணவர்களும் தடங்கலின்றி ஒப்பித்துவிடுவார்கள்.

இதுவரை பார்த்திராத ஒரு பத்தியைக் கையில் கொடுக்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. அண்மையில் கொடுத்த ஒரு பத்தியில் "ஷி லுக்ஸ் லைக் ஹர் மதர்" என்ற வாக்கியம் இருந்தது. மகள் தாயைப் போல இருக்கிறாள் என்பது வெறும் செய்தி, அதில் அணி எதுவும் இல்லை. ஆனால் "லைக்" என்ற சொல்லைக் கண்டதும் வகுப்பில் பெரும்பாலோர் அதை வட்டமிட்டு "சிமிலி" என்று எழுதிவிட்டார்கள். அடுத்த வரியிலேயே இருந்த "ஹிஸ் வேர்ட்ஸ் வேர் ஸ்டோன்ஸ்" என்ற உருவகத்தை எவரும் தொடவில்லை. வரையறை கேட்டால் இரண்டுக்கும் சரியாகவே சொல்கிறார்கள். வரையறை தெரிந்த பிள்ளைகளுக்கு அடையாளம் காணத் தெரியாமல் போவது ஏன், மீள்பார்வை வகுப்பில் அதற்கு என்ன செய்யலாம் என்பதே என் கேள்வி.

ஏட்டுச்சுவடி:

நீங்கள் சொல்வது நினைவுக் குறைபாடு அன்று, பயிற்சியின் திசை மாறியதால் வருவது. வகுப்பில் நாம் கலைச்சொல்லைக் கொடுத்து எடுத்துக்காட்டைக் கேட்கிறோம். தேர்வில் எடுத்துக்காட்டைக் கொடுத்துக் கலைச்சொல்லைக் கேட்கிறார்கள். முதல் திசையில் எத்தனை முறை ஓடினாலும் இரண்டாவது தானாக வந்துவிடுவதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நடத்தும் மீள்பார்வை, எல்லாம் தெரிந்துவிட்டது என்ற மயக்கத்தைத்தான் பெரும்பாலும் தரும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், உரைநடைப் பகுதிகளை ஒரு சாராரைத் திரும்பப் படிக்கச் செய்தார்கள். மற்றவர்களைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் செய்தார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாகி, நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக முந்தினார்கள். அன்றன்றே கேட்டு அன்றன்றே பதில் வாங்கும் வகுப்பில் எல்லாம் நன்றாக நடப்பதுபோலத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே குறிப்பேட்டை மூடச் சொல்லுங்கள், பலகையைக் காலியாக விடுங்கள். முந்தைய மாதங்களில் நடத்திய கருத்துகளில் நினைவுக்கு வருபவற்றை எழுதச் சொல்லிவிட்டு, விடுபட்டவற்றை மட்டும் நடத்துங்கள். எல்லாவற்றையும் மறுபடி நடத்தினால் தெரிந்த பகுதிக்கே பாதி நேரம் போய்விடும்.

இலக்கணப்பித்தன்:

ஏட்டுச்சுவடி ஐயா சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு என்றாலும், வரையறையை இவ்வளவு எளிதாக ஓரங்கட்டிவிடக் கூடாது. இங்கே குறை வரையறையிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். "லைக் அல்லது ஆஸ் வந்தால் சிமிலி" என்பது வரையறை ஆகாது, அது ஓர் அடையாளக் குறி மட்டுமே. தன்மையால் வேறுபட்ட இரண்டு பொருள்களை ஒரு பண்பை முன்னிட்டு ஒப்பிடுவது என்பதே வரையறை. அதைச் சொல்லியிருந்தால் தாய், மகள் வாக்கியத்தை மாணவர்களே ஒதுக்கியிருப்பார்கள், ஏனெனில் அங்கே ஒப்பிடப்படும் இரண்டும் முகங்கள்தாம்.

தமிழ் வழியில் அணி படித்துவிட்டு வரும் மாணவர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. ஆங்கிலப் பாடநூல்கள், ஒப்புமைச் சொல் வெளிப்பட்டால் சிமிலி, அது இல்லாமல் ஒன்றையே மற்றொன்றாகச் சொன்னால் மெட்டஃபர் என்று பிரிக்கின்றன. தமிழில் நிலைமை வேறு. "மலர்முகம்" என்பதில் "போன்ற" என்ற உருபு மறைந்திருந்தாலும் அது உவமைத்தொகை. "முகமலர்" என்று மாற்றிப் போட்டால்தான் உருவகம். அதாவது உருபு இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்து நாம் முடிவு செய்வதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "சிமிலி என்றால் உவமை, மெட்டஃபர் என்றால் உருவகம்" என்று ஒரே வரியில் கடந்தால், தமிழில் நன்றாகப் படிக்கும் மாணவர்தான் முதலில் தடுமாறுவார்.

தமிழ் இலக்கணம் கைகொடுக்கும் இடமும் இருக்கிறது. தொல்காப்பியத்தின் உவமவியல், உவமை தோன்றும் வகைகளாக வினை, பயன், மெய், உரு என்று நான்கைச் சொல்கிறது. செயலால் ஒப்பா, விளைவால் ஒப்பா, வடிவால் ஒப்பா, நிறத்தால் ஒப்பா? "அவன் சொற்கள் கற்கள்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொண்டு இதைக் கேட்டுப் பாருங்கள். நிறமும் வடிவமும் பொருந்தா. எறிவது செயல், பட்டால் வலிப்பது விளைவு. இந்த இரண்டையும் சொல்லிவிட்ட மாணவருக்கு "இந்த உருவகம் இங்கே என்ன செய்கிறது?" என்ற அடுத்த வினாவுக்கான விடையும் கையில் வந்துவிடும்.

வெண்பலகை:

இலக்கணப்பித்தன் ஐயா, இந்த நான்கு கேள்விகளையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒலியில் தொடங்கும் சொற்கள் அடுத்தடுத்து வரும் அலிட்டரேஷனைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். மாணவர்கள் முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு விடை எழுதுகிறார்கள்.

இலக்கணப்பித்தன்:

அலிட்டரேஷன் ஒலியைப் பொறுத்தது, எழுத்துக்கூட்டலைப் பொறுத்ததன்று. "சிட்டி", "கேட்" என்ற இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் ஒலி வேறு. "ஃபோன்", "ஃபேன்" என்பவை வெவ்வேறு எழுத்துகளில் தொடங்கினாலும் ஒலி ஒன்று. ஐயம் வந்தால் அந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் விடை கண்ணுக்கே தெரிந்துவிடும். ககரம், பகரம் போன்றவை ஆங்கிலத்தின் இரண்டிரண்டு ஒலிகளைச் சுமப்பதால் அங்கே மட்டும் காதையே நம்ப வேண்டும்.

ரைம் என்பதை எதுகை என்று சொல்லிக் கொடுக்கும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. அடியின் இறுதியில் ஒலி ஒன்றி வரும் ஆங்கில ரைமுக்கு நெருக்கமானது இயைபு.

மாலைவகுப்பு:

நான் ஆசிரியர் அல்லள். வேலைக்குப் போய்க்கொண்டே ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவி. இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். டோன், மூட் என்ற இரண்டுக்கும் எந்த நூலைப் பார்த்தாலும் "ஆசிரியரின் மனப்பான்மை", "வாசகரின் உணர்வு" என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள். படிக்கும்போது இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. வேறுபாட்டைக் காட்டும் பகுதி ஏதேனும் சொல்ல முடியுமா?

ஏட்டுச்சுவடி:

நல்ல கேள்வி, தங்கையே. பாடநூல்கள் எடுத்துக்காட்டாகத் தரும் பகுதிகளில் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்: சோகக் கதையைச் சோகமான குரலில் சொல்லியிருப்பார்கள். அதனால்தான் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. இரண்டும் எதிரெதிராக நிற்கும் பகுதி வேண்டும். இப்போதே ஒன்று எழுதித் தருகிறேன்.

"கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு இல்லை. மாடிப்படியில் யாரோ ஓர் அடி வைத்துவிட்டு நின்றுவிட்டார்கள். விருந்தினரை உபசரிப்பதில் இந்தக் குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொல்லும்."

படிப்பவருக்குள் எழுவது அச்சம், அது மூட். சொல்பவர் அஞ்சவில்லை, கடைசி வாக்கியத்தில் ஏளனம் செய்கிறார், அது டோன். இப்போது அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நீக்கிவிட்டுப் படியுங்கள். அச்சம் அப்படியே இருக்கிறது, ஏளனம் காணாமற் போய்விட்டது. ஆகவே டோனைத் தேடும்போது சொற்தேர்வையும் சொல்பவரின் நிலையையும் பாருங்கள். மூடைத் தேடும்போது இடம், ஒளி, ஓசை ஆகியவற்றைப் பாருங்கள்.

அந்தக் கடைசி வாக்கியம் வெர்பல் ஐரனிக்கும் எடுத்துக்காட்டு, ஏனெனில் சொல்லுக்கு நேர்மாறானது அதன் பொருள். ஐரனியின் மற்ற இரு வகைகளையும் இத்துடன் முடித்துவிடலாம். ஜூலியட் இறக்கவில்லை, மருந்தின் மயக்கத்தில் கிடக்கிறாள் என்பது நாடகம் பார்ப்பவருக்குத் தெரியும், ரோமியோவுக்குத் தெரியாது. இது டிரமாட்டிக் ஐரனி. மழை நாளில் ஒருவர் குடையை மறந்தால் அது தற்செயல். மழை வரும் என்று அறிவித்த வானிலை அறிவிப்பாளரே குடையை மறந்து நனைந்தால்தான் சிச்சுவேஷனல் ஐரனி. எதிர்பார்ப்பு ஒன்று கட்டப்பட்டுப் பின் கவிழ வேண்டும். நடந்தது துரதிர்ஷ்டம் என்பது மட்டும் போதாது.

மாலைவகுப்பு:

வாக்கியத்தை நீக்கிப் பார்த்ததும் தெளிவாகிவிட்டது. மிக்க நன்றி, அண்ணா.

சொற்பொறுக்கி:

இதுவரை பேசியது முழுக்க இலக்கியக் கலைச்சொற்களைப் பற்றி. வெண்பலகை கேட்டதில் சொல்வளமும் இருந்தது. இரண்டும் தனித்தனிப் பாடங்கள் என்று நாம் நினைப்பதே சிக்கலின் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், லிண்டா குகன் ஆகிய மூவரும் 2002இல் வெளியிட்ட நூலில் சொற்களை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார்கள். முதல் அடுக்கு, அன்றாடப் பேச்சில் தானாகவே வந்து சேரும் சொற்கள். மூன்றாம் அடுக்கு, ஒரு துறைக்கே உரிய கலைச்சொற்கள். இடையில் உள்ள இரண்டாம் அடுக்கு, பேச்சில் அரிதாகவும் எழுத்தில் அடிக்கடியும், எந்தப் பாடத்திலும் வரக்கூடிய சொற்கள்: "ரிலக்டன்ட்", "எம்ஃபசைஸ்", "கான்ட்ராஸ்ட்", "சஜஸ்ட்" போன்றவை. கற்பிப்பதற்கான முயற்சிக்கு அதிகப் பலன் தருவது இந்த நடு அடுக்குதான் என்பது அவர்கள் வாதம்.

இப்போது நம் மீள்பார்வைப் பட்டியலைப் பாருங்கள். சிமிலி, ஹைப்பர்போல் (மிகைப்படுத்திச் சொல்வது), ஓனோமட்டோபியா (ஒலிக்குறிப்புச் சொல்) எல்லாமே மூன்றாம் அடுக்கு. இவற்றை மணிக்கணக்கில் நடத்துகிறோம். ஆனால் "இந்த உருவகம் என்ன செய்கிறது?" என்ற வினாவுக்கு விடை எழுத மாணவருக்குத் தேவைப்படும் வினைச்சொற்கள் எல்லாம் இரண்டாம் அடுக்கைச் சேர்ந்தவை, அவற்றை யாரும் நடத்துவதில்லை. அதனால்தான் விடைத்தாள்களில் அணியின் பெயர் சரியாக இருக்கும், அதற்குப் பின் "இட் மேக்ஸ் தி போயம் பியூட்டிஃபுல்" என்ற ஒரே வாக்கியம் எல்லாத் தாளிலும் வந்து நிற்கும். பிள்ளைக்குக் கவிதை புரிந்திருக்கிறது. புரிந்ததைச் சொல்லச் சொல் இல்லை. "இம்ப்ளை", "இன்ஃபர்" என்ற இரண்டை மட்டும் ஒரு வகுப்பு முழுக்க நடத்திப் பாருங்கள். எழுதுபவர் குறிப்பாக உணர்த்துகிறார், படிப்பவர் அதிலிருந்து உய்த்துணர்கிறார். இந்த வேறுபாடு தெளிந்த மாணவர்களின் விடைகளில் யார் என்ன செய்கிறார்கள் என்பது தெளிவாகிவிடும்.

பொருளின் சாயலும் அப்படித்தான். "திரிஃப்டி", "ஸ்டிஞ்சி" இரண்டும் செலவைக் குறைப்பவரைக் குறிக்கும் சொற்கள். ஒன்று சிக்கனம், மற்றது கஞ்சத்தனம். டினோட்டேஷன் (நேர்ப்பொருள்), கானொட்டேஷன் (சாயல்பொருள்) என்ற இரண்டு கலைச்சொற்களை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, ஒரு பத்தியில் இந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிட்டு அந்தப் பாத்திரத்தின் மேல் நமக்கு இருந்த மதிப்பு என்ன ஆயிற்று என்று கேட்டால் போதும். ஏட்டுச்சுவடி சொன்ன டோனும் அங்கேயே வந்து சேர்ந்துவிடும்.

இலக்கணப்பித்தன்:

மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் புதிய சொற்களுக்குப் பொருள் காணும் வழியையும் மீள்பார்வையில் சேர்க்க வேண்டாமா? லத்தீன், கிரேக்க வேர்களைத் தெரிந்துகொண்டால் ஒரு வேருக்குப் பத்துச் சொற்கள் கிடைக்குமே. "ஸ்பெக்ட்" என்றால் பார்த்தல் என்று தெரிந்தால் "இன்ஸ்பெக்ட்", "ஸ்பெக்டேட்டர்", "ஸ்பெக்டகிள்" எல்லாம் பிடிபடும்.

சொற்பொறுக்கி:

சேர்க்கலாம், ஆனால் அளவோடு. "பெடஸ்ட்ரியன்" என்பதில் உள்ள வேர் பாதத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். அதை மட்டும் கற்ற மாணவர் "பீடியாட்ரிக்ஸ்" என்பதைக் கால் மருத்துவம் என்று எழுதுவார். அங்கே இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். "இன்" என்ற முன்னொட்டு எதிர்மறை என்று கற்றவருக்கு "இன்ஃப்ளேமபிள்" என்பது தீப்பிடிக்காத பொருளாகத் தெரியும். உண்மையில் அது எளிதில் தீப்பிடிக்கும் பொருள். வேர் ஓர் ஊகத்தைத் தரும். அந்த ஊகத்தை வாக்கியத்தில் பொருத்திப் பார்ப்பதையும் சேர்த்துக் கற்பித்தால்தான் பயன்.

சூழலை வைத்துப் பொருள் காண்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். "அன்லைக் ஹர் க்ரிகேரியஸ் பிரதர், ஷி ப்ரிஃபர்ட் டு சிட் அலோன்" என்ற வாக்கியத்தில் "அன்லைக்" என்ற முதற்சொல்லே வழிகாட்டிவிடுகிறது: தங்கை தனிமையை விரும்புகிறாள், அண்ணன் அதற்கு மாறானவன், ஆகவே அவன் பலரோடு கலந்து பழகுபவன். எல்லா வாக்கியமும் இவ்வளவு தாராளமாக உதவாது. பெக், மெக்கியோன், மெக்காஸ்லின் ஆகியோர் 1983இல் எழுதிய கட்டுரை, இயல்பான எழுத்தில் சில சூழல்கள் உதவுவதில்லை என்பதோடு, தவறான பொருளுக்கே இட்டுச் செல்வனவும் உண்டு என்று காட்டியது. பயிற்சித்தாள்களில் வருபவையோ உதவும் வாக்கியங்களாகப் பார்த்துப் பொறுக்கியவை. உதவாத வாக்கியத்தையும் ஒன்றிரண்டு கலந்து கொடுத்து, "இங்கே ஊகிக்க முடியாது, அகராதியைப் பார்க்க வேண்டும்" என்ற விடைக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

மீள்பார்வைக்கு எடுக்கும் பத்தி எளிதாக இருக்கட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கதையைத் துணையின்றி நன்கு புரிந்துகொள்ள, அதில் வரும் சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூவும் நேஷனும் 2000இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நூற்றுக்குப் பத்துச் சொல் தெரியாத பத்தியில் அணியைத் தேடச் சொன்னால், பிள்ளைகள் வேறு வழியின்றி "லைக்" என்ற சொல்லைத்தான் தேடுவார்கள்.

கதைப்பெட்டி:

தாமதமாக வருகிறேன். அணிகளிலும் சொற்களிலும் இருந்த அதே குழப்பம் கதைக்கூறுகளிலும் இருப்பதால் இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது, கதை உச்சத்துக்கு ஏறி இறங்குவதைக் காட்டப் பலகையில் நாம் வரையும் அந்தக் கூம்பு வடிவப் படம். குஸ்தாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மானிய எழுத்தாளர் 1863இல் நாடகக் கலை பற்றி எழுதிய நூலிலிருந்து வந்தது அது. அவர் மனத்தில் இருந்தது ஐந்து அங்க நாடகம், அதில் உச்சம் நடுவில் வரும். இன்றைய சிறுகதைகளில் உச்சம் பெரும்பாலும் முடிவை ஒட்டியே வருகிறது, சிலவற்றில் தெளிவான உச்சமே இல்லை. படத்தை வரைந்துவிட்டுக் கதையை அதற்குள் திணிக்கச் சொன்னால், மாணவர்கள் பக்கங்களை எண்ணிப் பார்த்து நடுப்பக்க நிகழ்ச்சியைக் கிளைமாக்ஸ் என்று எழுதுகிறார்கள். "இதற்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பவே முடியாது என்ற இடம் எது?" என்று கேட்டால் விடை நேராக வருகிறது, படத்தை அதற்குப் பிறகு அவர்களே வரையட்டும், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது, ஆங்கில நாவலாசிரியர் ஃபார்ஸ்டர் 1927இல் சொன்ன ஃப்ளாட், ரவுண்ட் என்ற பாத்திர வகைகள். இவற்றை ஸ்டாட்டிக், டைனமிக் என்பவற்றோடு ஒன்றாக்கிவிடுகிறார்கள். முன்னது ஒரு பாத்திரத்துக்குள் எத்தனை முகங்கள் என்பதைப் பற்றியது. பின்னது அந்தப் பாத்திரம் கதையின் போக்கில் மாறுகிறதா என்பதைப் பற்றியது. பல முகங்கள் கொண்ட ஒருவர் கடைசிவரை மாறாமலும் இருக்கலாம். தீம் பற்றிச் சொல்ல அதிகமில்லை: ஒரே சொல்லில் எழுதினால் அது டாபிக், முழு வாக்கியமாக எழுதினால்தான் தீம். "நட்பு" என்று மட்டும் எழுதும் தாளைத் திருப்பிக் கொடுத்து, "நட்பைப் பற்றி இந்தக் கதை என்ன சொல்கிறது?" என்று கேளுங்கள்.

வெண்பலகை:

எல்லாருக்கும் நன்றி. என் திட்டம் இப்போது இப்படி மாறியிருக்கிறது. வரையறைப் பட்டியலைப் பலகையில் எழுதப் போவதில்லை. எளிய பத்தி ஒன்றை எடுத்து, அதில் சிமிலி போலத் தோன்றும் சாதாரண ஒப்பீடு ஒன்றையும், உருபில்லாத உருவகம் ஒன்றையும் வைத்து, இவற்றில் எது அணி, எது அன்று, ஏன் என்று கேட்கப் போகிறேன். அணி என்று கண்டால், எதனால் ஒப்பு என்ற அந்த நான்கு கேள்விகளில் பொருந்துவதற்கு விடை எழுத வேண்டும். விடை எழுத "சஜஸ்ட்", "இம்ப்ளை", "எம்ஃபசைஸ்", "கான்ட்ராஸ்ட்" ஆகிய வினைச்சொற்களுள் ஒன்றைப் பயன்படுத்தியாக வேண்டும். பழைய சொற்பட்டியலிலிருந்தும் சில சொற்கள் பத்திக்குள் ஒளிந்திருக்கும். டோன், மூட் இரண்டையும் வாக்கியத்தை நீக்கிப் பார்க்கும் முறையில் அடுத்த வகுப்பில் நடத்துவேன்.

ஒரே ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது. அணியின் பெயரைத் தவறாக எழுதிவிட்டு, அது பத்தியில் என்ன செய்கிறது என்பதைச் சரியாக விளக்கியிருக்கும் விடைக்கு எப்படி மதிப்பெண் தருவது?

சொற்பொறுக்கி:

பெயருக்கு ஒரு பங்கு, விளக்கத்துக்கு இரண்டு பங்கு என்று பிரித்துவிடுங்கள். பெயர் தவறினால் அந்த ஒரு பங்கு மட்டும் போகட்டும்.

இலக்கணப்பித்தன்:

வகுப்புத் தேர்வுக்கு அது சரி. இறுதித் தேர்வில் பெயர் தவறினால் முழு மதிப்பெண்ணையும் குறைக்கக்கூடும் என்பதை மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அம்மா. பெர்சானிஃபிகேஷனை மெட்டஃபர் என்று எழுதியவருக்கு மட்டும் நான் குறைக்க மாட்டேன். அஃறிணையை உயர்திணையாக்கிப் பேசுவதும் ஒருவகை உருவகம்தான்.